அரை ஆள்

ஐந்தாம் வகுப்பு அரைப்பரீட்சை லீவு விட்ட நாளிலிருந்து எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. மார்கழிக் குளிருக்கு மற்றப் பிள்ளைகள் போர்வைக்குள் சுருண்டு கிடக்கும்போது நான் மட்டும் எழுந்து இட்டேரிக்கு ஓடிவிடுவேன். இட்டேரி என்றால் இரண்டு பக்கமும் கிளுவை வேலி அடைத்த வண்டித்தடம். எங்கள் ஊரிலிருந்து நாமக்கல் போகும் தார் ரோட்டைப் பிடிக்க அது ஒன்றுதான் வழி. மழை பெய்தால் வண்டி அச்சு வரைக்கும் சேறு, வெயில் அடித்தால் கணுக்கால் மூடப் புழுதி. அதை அகலமாக்கி, மண் கொட்டி மேடாக்கி, ரோடு ஆக்கப்போகிறார்கள் என்ற பேச்சு ஊருக்குள் வந்ததும் எனக்குத் தூக்கம் போய்விட்டது.

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரைக்கும்தான் உண்டு. ஆறாவதுக்குத் தார் ரோட்டையும் தாண்டிப் போக வேண்டும். பையன்கள் நடந்து போய் வந்தார்கள். பெண்பிள்ளைகளை அந்த ஆளில்லாத இட்டேரியில் யாரும் அனுப்பியதில்லை. நான் கேட்டபோது அப்பா மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்காமலே, “ரோடு வந்துதுன்னா பஸ்ஸு வரும். பஸ்ஸு வந்தாப் பாக்கலாம் அம்மிணி” என்றார். பார்க்கலாம் என்பதை நான் சரியாகக் காதில் வாங்கவில்லை. பஸ் வரும் என்பதை மட்டும் முந்தானையில் முடிந்துகொண்ட மாதிரி வைத்துக்கொண்டேன்.

சேலத்திலிருந்து காலேஜுப் பிள்ளைகள் வந்து பள்ளிக்கூடத்தில் தங்கி, லீவு நாளில் ஊருக்கு உழைத்துக் கொடுப்பார்கள் என்றும், ஊர்க்காரர்களும் கூட நின்று வேலை செய்ய வேண்டும் என்றும் மாரியம்மன் கோயில் முன்னால் கூட்டம் போட்டுப் பேசினார்கள். எங்கள் பக்கத்தில் ஏரி வாய்க்கால் தூர் எடுப்பதானாலும் கோயில் மதில் கட்டுவதானாலும் வீட்டுக்கு ஓர் ஆள் என்பதுதான் வழக்கம். ஆள் வராத வீட்டைப் பொங்கலுக்குக் கோயிலில் பேர் சொல்லிக் கேட்டுவிடுவார்கள். எங்கள் வீட்டில் அப்பா மண்ணடிக்க மாட்டுவண்டியோடு போகிறார், அது வண்டிக் கணக்கு. ஆள் கணக்குக்கு யாரும் இல்லை. தம்பி கைக்குழந்தை. அம்மா அவனைக் கீழே விட முடியாது.

பெண்கள் நின்ற பக்கத்திலிருந்து நான்தான் கையைத் தூக்கினேன். பேசத் தைரியம் இல்லை, கைதான் தானாகப் போய்விட்டது. ஊர்க்கவுண்டர் என்னைப் பார்த்துவிட்டு, பெண்பிள்ளை, அதுவும் சிறுசு, எப்படிக் கணக்கில் சேர்ப்பது என்று யோசித்தார். கடலைக்காய் பொறுக்கப் போகிற சிறுசுகளுக்கு அரை ஆள் கூலி கொடுக்கிறோமே, அந்தக் கணக்கில் வைத்துக்கொள்ளலாம் என்று ஒருவர் எடுத்துக் கொடுத்தார். மீதி அரை ஆளுக்கு என்ன செய்வது என்று இன்னொருவர் கேட்டார். கடைசியில் அம்மா தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டே மத்தியானம் வரைக்கும் வந்து தண்ணீர் ஊற்றினால் போதும் என்று முடிவானது.

“ஆத்தாளும் மகளும் சேந்து ஓராளு. எழுதிக்கப்பா” என்றார் ஊர்க்கவுண்டர்.

கூட்டமே சிரித்தது. அம்மாவுக்கு அவமானம், வீடு வரைக்கும் என் காதைத் திருகிக்கொண்டே வந்தாள். எனக்கு அந்த வலிகூடத் தெரியவில்லை.

காலேஜுப் பிள்ளைகள் லாரியில் வந்து இறங்கினார்கள். ஆண்பிள்ளைகள் சட்டையைக் கழற்றிவிட்டு மண்வெட்டியைத் தூக்கினதும் ஊரே வேடிக்கை பார்த்தது. முதல் நாள் சாயங்காலமே கையெல்லாம் கொப்புளம். வீட்டுக்கு வீடு முறை வைத்து அவர்களுக்குச் சோறு போட்டார்கள். எங்கள் முறை வந்தபோது அம்மா ராகிக் களி கிண்டிக் கொடுத்தாள். களியை உருட்டிக் குழம்பில் தோய்த்து விழுங்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியவில்லை. மென்றார்கள். மென்று மென்று வாய் ஒட்டிக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கண்ணாடி போட்ட ஓர் அக்கா மட்டும் விடாமல் கடைசி வரைக்கும் மென்று தின்றுவிட்டு, நன்றாக இருக்கிறது என்றாள். அம்மா இன்னோர் உருண்டை வைத்துவிட்டாள்.

அந்த அக்காவோடுதான் நான் மண் சுமந்தேன். என் தலைக்குத் தக்கதாகச் சின்ன மக்கிரி, அதாவது மூங்கில் கூடை, ஒன்றை அப்பாவே எடுத்துக் கொடுத்திருந்தார். சும்மாட்டைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு ஓடுவேன். நடக்க மாட்டேன். மெதுவாகப் போ, ரோடு எங்கேயும் ஓடிவிடாது என்று அக்கா சொல்வாள். ஓடிவிடும் என்றுதான் எனக்குப் பயம். காலேஜு திறந்தால் இவர்கள் போய்விடுவார்கள், அதற்குள் தார் ரோட்டைத் தொட்டுவிட வேண்டும். மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் சோறு இறங்காது. எழுந்து போய், கொட்டிய மண் எது வரைக்கும் போயிருக்கிறது என்று பார்த்துவிட்டு வருவேன். காலையில் பார்த்த இடத்திலேயே நிற்பதுபோல் இருக்கும். அழுகையாக வரும்.

அப்பாவும் என்னைப் போலத்தான் இருந்தார். நான் விடியற்காலையில் போகும்போது சில நாள் அவர் எனக்கு முன்னால் அங்கே நிற்பார். தோளில் துண்டைப் போர்த்திக்கொண்டு, மேட்டில் காலை உதைத்து மண் கெட்டியாக இருக்கிறதா என்று பார்ப்பார். எங்கள் வயல் ஓரத்தில் வேலியை வெட்டி ரோட்டுக்கு இடம் விட்டதும் முதலில் அவர்தான். யாரும் கேட்பதற்கு முன்னாலேயே விட்டார். எனக்காக அப்பா இவ்வளவு பாடுபடுகிறாரே என்று நான் உருகிப் போவேன். அதை வாய்விட்டுச் சொல்லுகிற பழக்கம் எங்கள் வீட்டில் இல்லை.

மோட்டார் சைக்கிளில் ஒருவர் அடிக்கடி வந்தார். வெள்ளை வேட்டி, கையில் தோல்பை. அப்பாவோடு நின்று ரோட்டைப் பார்ப்பார், பிறகு மேட்டாங்காடு என்று நாங்கள் சொல்லும் எங்கள் மேட்டு நிலத்தைப் போய்ப் பார்ப்பார். ரோடு எப்போது முடியும் என்று அவர் கேட்பதும், பொங்கலுக்குள் முடிந்துவிடும் என்று அப்பா கெஞ்சுகிற குரலில் சொல்வதும் என் காதில் விழுந்தது. பஸ் கம்பெனிக்காரர்தான் இவர் என்று நான் தீர்மானித்துக்கொண்டேன். சொம்பைச் சாம்பல் போட்டு விளக்கி, அதில் அவருக்கு மோர் கொண்டுபோய்க் கொடுத்தேன். குடித்துவிட்டு, நல்ல சுறுசுறுப்பான பிள்ளை என்று அப்பாவிடம் சொன்னார். எனக்குப் பஸ்ஸில் இடமே கிடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

ரோடு பெரியப்பா காட்டில் வந்து நின்றுவிட்டது.

பெரியப்பா அப்பாவின் கூடப்பிறந்த அண்ணன். பாகம் பிரித்தபோது கிணற்றுத் தண்ணீர் முறையில் தகராறாகி, இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. பேசவே வேண்டியிருந்தால் மாட்டைப் பார்த்துப் பேசிக்கொள்வார்கள். ஒரு பக்கம் மட்டும் வேலி அப்படியே நீட்டிக்கொண்டு நிற்க, எல்லாரும் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார்கள். ஊர்க்கவுண்டர் போய்க் கேட்டார், காலேஜு வாத்தியார் போய்க் கேட்டார். ஊர்க்காரர்கள் அக்கட்டால், அந்தப் பக்கமாகத் தள்ளி, போட்டுக்கொள்ளட்டும், நான் வேலியைத் தொட விடமாட்டேன் என்று சொல்லிவிட்டார். அப்பா வண்டிமாட்டின் திமிலைத் தட்டி, “சிலபேருக்கு ஊரைவிட வேலி பெருசு, கேட்டுக்கடா” என்றார். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பெரியப்பா தன் எருமையிடம், “சிலபேரு ஊருக்கா ரோடு போடறாங்க? கேட்டுப்பாரு” என்றார்.

காலேஜுப் பிள்ளைகள் புறப்பட இன்னும் இரண்டு நாள்தான் இருந்தது. கண்ணாடி அக்கா துணியைத் துவைத்து மடிக்க ஆரம்பித்துவிட்டாள். மறுநாள் விடிந்தும் விடியாமல், யாருக்கும் சொல்லாமல் பெரியப்பா வீட்டுக்குப் போய்விட்டேன். பிறந்ததிலிருந்து பெரியவர்கள் முன்னால் வாய் திறந்து பேசாத பிள்ளை நான். எந்தத் துணிச்சலில் போனேன் என்று இப்போது நினைத்தாலும் வேர்க்கிறது.

பெரியப்பா எருமையிடம் பால் பீய்ச்சிக்கொண்டிருந்தார். நான் வந்து நிற்பதைப் பார்த்தும் கையை நிறுத்தவில்லை.

“என்ன அம்மிணி? உங்கப்பன் அனுப்புனானா?”

“இல்லீங்க பெரிப்பா. நானா வந்தனுங்க. காலேஜுக்காரங்க போகப் போறாங்க. வேலியக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்குங்க.”

“ஊரே வந்து கேட்டுது, நான் குடுக்குல. நீ யாரு கேக்கறதுக்கு?”

“நான் அரை ஆளுங்க” என்றேன்.

பெரியப்பா குலுங்கிச் சிரித்தார். எருமை காலை மாற்றி வைத்தது. சிரித்து முடித்துவிட்டு, “உங்கப்பன் ரோட்டுக்கு எதுக்கு இந்தப் பாடு படறான், தெரியுமா உனக்கு?” என்று கேட்டார்.

“தெரியுங்க. என்னைய ஆறாவதுக்கு அனுப்பறதுக்குங்க. பஸ்ஸு வரோணுமில்லீங்களா.”

பால் சொம்பில் விழுகிற சத்தம் நின்றுவிட்டது. பெரியப்பா என் முகத்தையே பார்த்தார். அவர் என்னை அப்படிப் பார்த்து நான் பார்த்ததில்லை. “அவன் சொன்னானா அப்பிடி?” என்று மெதுவாகக் கேட்டார். சொன்னாருங்க என்றேன். மறுபடி எருமைப் பக்கம் திரும்பிக்கொண்டு, “சரி, ஊட்டுக்குப் போ சாமி” என்றார்.

வேலைக்கு ஆட்கள் வந்தபோது பெரியப்பாவே கொடுவாளை வைத்துக்கொண்டு தன் வேலியை வெட்டிக்கொண்டிருந்தார். அப்பா வண்டியை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு இறங்கிப் போய், வெட்டிப் போட்ட முள்ளை ஒதுக்கினார். இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில் குனிந்து வேலை செய்தார்கள். அன்றைக்கு மாடுகளோடுகூட அவர்கள் பேசவில்லை.

ரோடு தார் ரோட்டைத் தொட்டது. காலேஜுப் பிள்ளைகளுக்கு ஊரே மாலை போட்டு அனுப்பியது. கண்ணாடி அக்கா லாரியில் ஏறிக்கொண்டு, ஆறாவது போகும்போது பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார வேண்டும் என்று எனக்குச் சொல்லிவிட்டுப் போனாள்.

பொங்கல் கழிந்து நான் தினமும் பள்ளிக்கூடம் விட்டதும் ரோட்டிலேயே காத்துக் கிடந்தேன். முதலில் வந்தது ஒரு லாரி. ஊருக்குள் போகாமல் எங்கள் மேட்டாங்காட்டில் நின்று, மூங்கிலும் ஓலையும் கம்பிவலையும் இறக்கியது. மோட்டார் சைக்கிள்காரர்தான் முன்னால் வந்தார். நீளமாக ஒரு கொட்டகை எழும்பியது. அடுத்த வண்டியில் அட்டைப்பெட்டிகள் வந்தன. ஒவ்வொன்றிலும் ஓட்டை போட்டிருந்தது, உள்ளே கீச்சுகீச்சென்று சத்தம். மஞ்சள் நிறக் குஞ்சுகளை அப்பா என் மடியில் அள்ளிப் போட்டபோது பஸ்ஸைக்கூட நான் மறந்துவிட்டேன். அந்தப் பக்கமெல்லாம் அப்போதுதான் ஒவ்வொருவராகக் கோழிப்பண்ணை வைக்க ஆரம்பித்திருந்தார்கள். வண்டி வந்துபோக ரோடு இருந்தால்தான் அந்த மோட்டார் சைக்கிள்காரர் மாதிரி முட்டை வியாபாரிகள் அந்தக் காட்டைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

குஞ்சுகள் வளர்ந்து கோழிகளாகி, பள்ளிக்கூடம் திறக்கிற சமயத்துக்கு முட்டையிட ஆரம்பித்தன. அதே வாரத்தில் பஸ்ஸும் வந்தது. அப்பா பொய் சொல்லவில்லை. பஸ் வந்தால் பார்க்கலாம் என்றார், பார்த்தார். கோழிகள் கொஞ்சம் பழகட்டும், அடுத்த வருசம் போகலாம் என்றார். முட்டை பொறுக்கச் சின்னக் கைதான் நல்லது, உடையாது என்றார். அப்புறம் என் தலையில் கையை வைத்து, “இனி நீ அரை ஆளில்ல, முழு ஆளு சாமி” என்றார். எங்கப்பா தலையில் கை வைத்துப் பேசியது எனக்குத் தெரிந்து அந்த ஒரு தடவைதான். அந்தப் பஸ்ஸில் நான் ஏறினது கல்யாணத்துக்குச் சேலை எடுக்கப் போன அன்றைக்கு. ஜன்னல் ஓரத்தில் கூட வந்த அத்தை உட்கார்ந்துகொண்டாள்.

ஆனால் அப்பா அப்படிச் சொன்ன அன்றைக்கு எனக்கு ஒரே சந்தோசம். முதன்முதலாகப் பொறுக்கிய முட்டைகளில் சின்னதாக ஒன்றைக் கையில் பொத்திக்கொண்டு, பெரியப்பாவிடம் சொல்ல ஓடினேன். அவர் ரோட்டோரத்தில் நின்றுகொண்டிருந்தார். வேலியைத் தள்ளி நட்ட கிளுவைப் போத்துக் குச்சிகள் துளிர் விட்டிருந்தன.

“பெரிப்பா, நான் இப்ப முழு ஆளுங்க. அப்பா சொல்லிப்போட்டாரு.”

“பள்ளிக்கூடம்?”

“கோழி பழகுனதுக்குப் பொறகுங்க.”

பெரியப்பா ரோட்டில் இறங்கி, தன் பழைய வேலி இருந்த இடத்தில் போய் நின்றார். கட்டைவிரலால் மண்ணைக் கிளறிப் பார்த்தார். அங்கே இப்போது வண்டித் தடம் பதிந்து கெட்டியாகிக் கிடந்தது. வளைவில் பஸ் திரும்பி வந்தது. டிரைவர் ஹாரன் அடித்தார். பெரியப்பா நகரவில்லை. டிரைவர் இன்னும் கிட்டத்தில் வந்து விடாமல் ஹாரன் அடித்தார்.

“ஓரமா வாங்க பெரிப்பா, பஸ்ஸு வருது” என்று நான் அவர் கையைப் பிடித்து இழுத்தேன். என் இன்னொரு கையில் அந்த முட்டை வெதுவெதுவென்று இருந்தது. ஆசை ஆசையாகப் போட்ட ரோட்டில் இப்போதுதான் பஸ் வர ஆரம்பித்திருக்கிறது, இவர் எதற்கு வழியை மறித்துக்கொண்டு நிற்கிறார் என்று எனக்குப் புரியவே இல்லை.