குத்துச்சண்டைக்காரருக்குப் போட்ட பிரேம்

போட்டோவுக்குப் பிரேம் போடுகிற கடையில், அளவைக் கேட்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "ஆள் இருக்காகளா?" இருக்கிறவர் என்றால் வெறும் கண்ணாடி போதும். போய்ச் சேர்ந்தவர் என்றால் சந்தன மாலையும் சின்னச் சிவப்பு பல்பும் வேண்டும். ஒருமுறை கேட்காமல், நன்றாக நடமாடிக்கொண்டிருந்த ஒரு மாமியாருக்கு மாலை மாட்டிக் கொடுத்துவிட்டேன். அந்தம்மா வந்து பேசிய பேச்சு கம்பம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டது. கடை வைத்திருப்பவர்களுக்கு இதெல்லாம் நான் சொல்லியா தெரிய வேண்டும்?

ஆனால் தொண்ணூற்றொன்பதில், எல்லையில் சண்டை நடந்த மாதங்களில், அந்தக் கேள்வியைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. என் வீட்டுக்காரர் முருகேசன் பட்டாளத்தில் இருந்தார். சண்டை நடந்த பனிமலையில்தான் அவரும் இருந்தார்.

கை நடுங்குகிறவர்

சண்டை தொடங்கிய புதிதில் திராட்சை வியாபாரி ஜப்பார் பாய், மடிப்பு கிழிந்த ஒரு பத்திரிகைத் தாளைக் கொண்டுவந்து விரித்தார். கறுப்பு மனிதர், கையில் குத்துச்சண்டை உறை, முகத்தில் திமிர். அந்த மாதங்களில் கடைசியாகத் தயங்காமல் அந்தக் கேள்வியைக் கேட்டது அன்றைக்குத்தான். "இருக்காரு ஆத்தா. கை நடுக்கம் வந்து கஷ்டப்படுறாரு, ஆனா இருக்காரு" என்றார்.

யாரென்று அவரே சொன்னார். உலகத்திலேயே பெரிய குத்துச்சண்டைக்காரர், தங்கள் மார்க்கத்துக்கு வந்தவர் என்றார். அவருடைய நாடு சண்டைக்குக் கூப்பிட்டபோது வரமாட்டேன் என்றாராம். பட்டத்தைப் பிடுங்கி, சில வருஷம் மேடை ஏறவே விடவில்லையாம். எனக்குச் சுருக்கென்றது. வரமாட்டேன் என்றும் சொல்லலாமா? என் முகம் மாறியதைப் பாய் கவனித்திருக்க வேண்டும், மெதுவாகச் சொன்னார்: "அடிச்சே பேர் வாங்குனவருக்கு, அடிக்க மாட்டேன்னு சொல்றது லேசுப்பட்ட காரியமா ஆத்தா?"

சுவரைப் பார்த்து

எங்கள் பெரியப்பா பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து வந்தவர். தினமும் காலையில் கடைக்கு வந்து ரேடியோச் செய்தியை ஒப்பிப்பார். பிரேம் போட்டுச் சாய்த்து வைத்திருந்த படத்தைப் பார்த்ததும் கைத்தடியால் தரையைத் தட்டினார். "கூப்பிட்டதுக்குப் போகாத பய இவன். உம்புருசன் பனியில கெடக்கான், நீ இவனுக்குக் கண்ணாடி தொடைக்கிற" என்றார். இருபது நாளாகக் கடிதம் இல்லை. நான் படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேன்.

பாய் எடுக்க வந்தபோது படம் அப்படியே நின்றது. பெரியப்பாவும் இருந்தார். சண்டை மூண்டுவிடுமோ என்று பயந்தேன். பாய் படத்தைத் தொடவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு சொன்னார்: "அது அங்கனயே இருக்கட்டும் ஆத்தா. உம்புருசன் வரட்டும், அப்புறம் எடுத்துக்கிறேன்."

கேட்காத கேள்வி

ஆண்டிபட்டியிலிருந்து ஒரு அம்மா வந்தார். பையிலிருந்து எடுத்தது சீருடையில் ஒரு பையன் படம், மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. நான் அளவு எடுத்தேன், திரும்பவும் எடுத்தேன். மாலை தொங்கிய ஆணிப்பக்கம் பார்க்காமல் இருக்கப் படாத பாடு பட்டேன். அந்த அம்மா என் கையைப் பிடித்தார்: "இருக்கான் தாயி. கேட்டுரு. நீ கேக்காமப் பாக்குறப்பத்தான் எனக்குப் பயமா இருக்கு."

அந்த அம்மா போன பிறகு கடையில் யாருமில்லை. குத்துச்சண்டைக்காரர் படத்தை என் பக்கம் திருப்பினேன். ஒரு வார்த்தை, 'மாட்டேன்'. என் மனுஷனும் அதைச் சொல்லியிருந்தால் இப்போது எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டிருப்பார். பொறாமையாக இருந்தது. அப்படி நினைத்ததற்கு வெட்கமாகவும் இருந்தது. பெரியப்பாவின் கைத்தடிச் சத்தம் கேட்டதும் திருப்பி வைத்துவிட்டேன்.

தீர்ப்பு

முருகேசன் வந்தார். இடது கையில் இரண்டு விரல் பனியில் போயிருந்தது, மற்றபடி ஆள் முழுசாக வந்தார். மறுநாள் கடையில் பெரியப்பா ஒரு பக்கம், பாய் ஒரு பக்கம். பெரியப்பாவே போய்ப் படத்தைத் திருப்பினார். "நீங்க சொல்லுங்க மாப்ள. சண்டை பாத்தவரு நீங்க. இவன் கோழைதான?"

முருகேசன் படத்தைக் கையில் எடுத்துப் பார்த்தார். பிறகு சொன்னார்: "கோழைன்னு சொல்ல மாட்டேன் மாமா. அங்கன ஒரு நா எனக்கும் அந்த வார்த்தை நாக்கு வரைக்கும் வந்துச்சு. பக்கத்துல படுத்திருந்தவனப் பாத்தேன், முழுங்கிட்டேன்."

அதே கட்டை

பெரியப்பா டீயைக் குடிக்காமல் எழுந்து போனார். பாய் படத்தை எடுத்துப்போனார், அவரும் சந்தோஷமாகப் போனதாகத் தெரியவில்லை. அதன் பிறகு பெரியப்பா ஆறு மாதம் கடைப்பக்கமே வரவில்லை. ஒருநாள் தன்னுடைய பழைய சீருடைப் படத்தோடு வந்து நின்றார். பழக்க தோஷத்தில் நான் வாயைத் திறப்பதற்குள் முந்திக்கொண்டார்: "இருக்கேன், இருக்கேன். அந்தக் குத்துச்சண்டைக்காரனுக்குப் போட்ட பிரேம மட்டும் எனக்குப் போட்றாத."

அவருக்குப் போட்டது அதே பிரேம் கட்டையில் மிச்சமிருந்த துண்டுதான் என்பதைச் சொல்லும் தைரியம், எங்கள் வீட்டில் இன்றுவரை யாருக்கும் வரவில்லை.