அத்தைக்கும் அம்மாவுக்கும் ஒரே தொண்டை

பஸ் நிலையத்தில் முப்பது வருஷம் டிக்கெட் கொடுத்தவளை எல்லோரும் டிக்கெட்டம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். கண்ணாடிக்கு உள்ளேயிருந்து அவள் ஒரு குரல் கொடுத்தால், கடைசி பெஞ்சில் தூங்குகிறவன் எழுந்து உட்காருவான். அந்தக் குரல்வளையைத்தான் நாளைக் காலை ஆபரேஷன் செய்து எடுக்கப்போகிறார்கள்.

அவளுடைய மருமகள் சின்னச் சின்னக் கருவிகளுக்கு சி மொழியில் புரோகிராம் எழுதுகிறவள். நாலு பெண்களில் மூன்றாவதாகப் பிறந்து, எட்டு வயதில் தாயைப் பறிகொடுத்தவள். மாமியாருக்காக உள்ளங்கை அகலத்தில் ஒரு பேசும் பெட்டி செய்திருந்தாள். இருபது பொத்தான், ஒவ்வொன்றுக்கும் அத்தையின் குரலில் ஒரு வாக்கியம். போன வாரமே பதிந்தாயிற்று.

இன்று மதியம் பதிவிலிருந்த ஃபேன் இரைச்சலை நீக்க உட்கார்ந்தாள். கெட்டுப்போனால் கைகொடுக்கட்டும் என்று, 'பழையது' என்று பெயரிட்டு ஒன்றை எடுத்து வைத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினாள். இரைச்சலோடு குரலும் தேய்ந்து, தகர டப்பாவுக்குள் பேசுவதுபோல் ஆகிவிட்டது. போகட்டும், 'பழையது' இருக்கிறதே என்று அதைக் கேட்டாள். அதிலும் அதே தகர டப்பா.

எழுதிய புரோகிராமைத் திறந்து பார்த்தாள். அவசரத்தில் ஒரு சமக்குறி போட்டு முடித்திருந்தாள். சரக்கு இருக்கிற இடத்தைக் காட்டும் ஒரு பாயிண்டரை இன்னொன்றுக்குச் சமம் என்று எழுதினால், போய்ச்சேருவது முகவரி மட்டும்தான். அந்த முகவரியில் இருக்கிற சரக்கு நகலாகாது. பெயர் இரண்டு, குரல் ஒன்று. அதையும் தன் கையாலேயே கெடுத்துவிட்டாள்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

"அத்தை, உங்க குரலைப் பாழாக்கிட்டேன். ரெண்டு இருக்குன்னு நெனச்சேன். பேருதான் ரெண்டு."

கட்டிலில் சாய்ந்திருந்தவள் கரகரத்தாள். "அதுக்கு ஏன்டி மூக்கை உறிஞ்சுற? என்னை நீ அத்தைங்குற, உன் புருஷன் அம்மாங்குறான். அத்தைக்கு மொட்டை அடிச்சா அம்மாவுக்கு மட்டும் கொண்டை நிக்குமா? இதுகூடத் தெரியாமயா ஆபீஸ்ல குப்பை கொட்டுற?"

"தெரியும் அத்தை. கை தப்பிடுச்சு."

"நல்லதாப் போச்சு. போன வாரம் நீ எழுதிக் குடுத்ததை அப்படியே படிச்சேன். 'எனக்குத் தண்ணீர் வேண்டும்'னு எவடி வீட்டுல பேசுறா? எடு பெட்டியை."

மருமகள் எழுந்து ஃபேனை நிறுத்தினாள்.

"தண்ணி குடுடி, தொண்டை காயுது." "எவன்டா கதவைத் திறந்துபோட்டுட்டுப் போனது?" "சாப்பிட்டுட்டுப் போடி, ஆபீஸ் என்ன ஓடியா போயிடும்?"

நர்ஸ் இரண்டு தடவை எட்டிப்பார்த்தாள். "போதும்மா, தொண்டைக்கு ஓய்வு குடுங்க."

"நாளையிலிருந்து ஓய்வுதானே தாயி."

இருபதும் முடிந்ததும் மருமகள் லேப்டாப்பைத் திறந்து, தனியாக இடம் ஒதுக்கி, பதிவு முழுவதையும் பைட் பைட்டாக அங்கே நகலெடுத்தாள். அப்படியும் நம்பிக்கை வரவில்லை. ஒன்றை வேண்டுமென்றே அழித்துவிட்டு, மற்றதைக் காதில் வைத்துக் கேட்டாள். இருந்தது. கரகரப்புத்தான், ஆனாலும் அத்தையேதான். அதிலிருந்து இன்னும் இரண்டு நகல் எடுத்த பிறகே அவளுக்கு மூச்சு வந்தது.

ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள், கழுத்துக் கட்டோடு டிக்கெட்டம்மா பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு இருபது பொத்தானையும் வரிசையாக அழுத்திப் பார்த்தாள். சும்மா சோதிக்கிறாள் என்று தெரிந்தும் மருமகள் ஒன்றையும் விடவில்லை.

"இந்தாங்க அத்தை... சாத்திட்டேன் அத்தை... சாப்பிட்டேன் அத்தை..."