வளைந்த வயலின் கணக்கு

திருத்துறைப்பூண்டி தாண்டி பஸ்ஸை விட்டு இறங்கி, வரப்பில் நிற்கிறேன். என் கணிதப் பேராசிரியர் இறந்து ஒரு மாதமாகிறது. வளைந்த பரப்புகளைப் பற்றிய அவருடைய புத்தகத்தை உலகமே படிக்கிறது. வகுப்பில் அவர் வரைந்ததோ, வாய்க்காலோரம் வளைந்து கிடக்கும் இந்த வயலைத்தான். கூலிக்கு உழைத்த அவர் குடும்பம் கொடி நட்டுப் போராடி வாங்கிய வயல்.

நடவின் கடைசி வரிசையை நட்டுக்கொண்டிருந்த அவருடைய தங்கை நிமிர்கிறார்.

"அண்ணன்கிட்ட படிச்சவங்களா? வாங்க."

"இது எவ்வளவு நிலங்க?"

"சர்வேயர் ஒரு அளவு சொன்னாரு. அண்ணன் அதை நம்பல. எத்தனை முடி, எத்தனை கட்டு நாத்து நட்டோமோ, அதை வச்சுத்தான் அளவு போடுவாரு. வருஷா வருஷம் நடவு முடியறப்ப கடுதாசி போட்டுக் கேட்டுடுவாரு."

"இந்த வருஷம்?"

சேற்றுக் கையை முந்தானையில் துடைக்கிறார்.

"எண்ணி வச்சிருக்கேங்க. நீங்களாச்சும் கேளுங்களேன்."