பிறந்த தேதியிலேயே போன காது

1. நடுவில் வந்த தண்ணீர்

முன்னாள் ராணுவத்தினருக்கான நல அலுவலகம் ஒன்றின் விழுப்புரம் கிளையில் நான் டைப்பிஸ்டாகச் சேர்ந்தது எண்பதுகளின் தொடக்கத்தில். முதல் நாள் காலை என் மேஜைக்கு எதிரே ஒருவர் விறைப்பாக வந்து நின்றார். பக்கத்தில் அவர் மனைவி அஞ்சலை, கையில் மஞ்சள் பை.

“பேரு?”

“நாயக் ஏழுமலை, மேடம். ஆர்ட்டிலரி.”

“நம்பர்?” சொன்னார். “எந்த ஊரு?” “கெடார், மேடம்.”

ஃபாரத்தில் அடுத்து இருந்தது பிறந்த தேதி. மனிதர் வெயிலில் வந்திருக்கிறாரே என்று, அதைக் கேட்பதற்கு முன்னால், “தண்ணி குடிக்கிறீங்களா?” என்றேன்.

பிறந்த தேதியைச் சொன்னார்.

நான் விழித்தேன். அஞ்சலை முன்னால் வந்தார். “ரெண்டு காதும் கேக்காதுங்க அவுருக்கு. ஆபீசுல எத எதுக்கப்பறம் கேப்பாங்கன்னு மனப்பாடம் பண்ணி வச்சிக்கினு இருக்காரு. நீங்க நடுவுல தண்ணிய உட்டுட்டீங்க.”

பீரங்கிப் படையில் பதினைந்து வருடம் இருந்து, காது போனதால் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர். டிஸெபிலிட்டி பென்ஷன் கேட்டு எழுதியதற்கு, ‘காது கேளாமை ராணுவ சர்வீஸால் வந்ததல்ல, பிறவியிலேயே உள்ளது’ என்று பதில் வந்திருந்தது.

எங்கள் ஆபீசர் ஒரு ரிட்டயர்டு சுபேதார். சாதாரணமாகப் பேசினாலே பஸ் ஸ்டாண்டு வரை கேட்கும். “இந்த வேலையில ரெண்டு வார்த்தைய தெரிஞ்சிக்கம்மா” என்று அன்று எனக்குப் பாடம் எடுத்தார். “ஒண்ணு அட்ரிபியூட்டபிள். சர்வீஸால வந்தது. இன்னொண்ணு அக்ரவேட்டட். இருந்தது சர்வீஸால மோசமாச்சி. ரெண்டுல ஒண்ணு இருந்தா பென்ஷன். இல்லாங்காட்டி அப்பீல். மொத அப்பீல் போச்சின்னா ரெண்டாவது. அதோட சரி.”

2. கூட்டேரிப்பட்டு மச்சான்

வியாழக்கிழமைகளில் திண்டிவனத்தில் எங்களுக்குக் கேம்ப். அங்கே ஒருநாள் அஞ்சலையும், அவர் பின்னாலேயே அவர் அண்ணன் கன்னியப்பனும் வந்தார்கள். அண்ணன் கூட்டேரிப்பட்டில் சைக்கிள் கடை வைத்திருப்பவர். இங்கிலீஷ் கடிதத்தை யாரோ அவருக்குப் படித்துச் சொல்லிவிட்டார்கள்.

“பிறவிச் செவிடுன்னு கவர்மெண்டே எழுதிட்டான் சார். எந்தங்கச்சிய ஏமாத்திக் கட்டிக்கினு போயிட்டாங்க. பஞ்சாயத்து வைக்கப் போறேன்.”

அஞ்சலை புடவையை இழுத்துச் செருகினார். “ரெண்டு புள்ள பெத்தப்பறம் பஞ்சாயத்தா? கல்யாணமான புதுசுல, அண்ணி ஆக்கற கொழம்பு வாயில வைக்க முடியலன்னு நீ கொல்லையில பொலம்பனியே, கூடத்துல இருந்து கேட்டுட்டு எங்கிட்ட வந்து சொன்னவரு யாரு?”

கன்னியப்பன் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

சுபேதாருக்கு உற்சாகம் வந்துவிட்டது. “இதுதான்யா சாட்சி! கல்யாணத்தப்போ காது நல்லா இருந்ததுக்கு இதவிட இன்னா வேணும்? ஒரு அஃபிடவிட் குடு.”

“ஐயோ, அது எழுத்துல வந்தா எம்பொண்டாட்டிக்குத் தெரிஞ்சிடுமே சார்!” என்று அவர் மயிலம் பஸ்ஸைப் பிடிக்க ஓடினார். பஞ்சாயத்துப் பேச்சு அதோடு ஓயவில்லை. அப்பீலில் என்ன வருகிறதென்று பார்த்துவிட்டுத் தேதி வைப்பதாகச் சொல்லி அனுப்பினார்.

ஆனால் சாட்சி யோசனையை சுபேதார் விடவில்லை. கெடாரில் பதினேழு பேரிடம் கையெழுத்து வாங்கினார். அதில் ஒரு பெரியவர் எழுதியது எனக்கு மறக்காது: ‘இரண்டு கழனி தள்ளி என் நிலத்தில் யாராவது மல்லாட்டைச் செடியைப் பிடுங்கினால் சத்தம் கேட்டு வந்துவிடுவான். பிடுங்குவது பெரும்பாலும் அவன் கூட்டாளிகள். பங்குக்கு வருவான்.’ மல்லாட்டை என்றால் எங்கள் பக்கத்தில் வேர்க்கடலை. இதை நான் இங்கிலீஷில் டைப் அடித்தேன். முதல் அப்பீல் ஆறு பக்கம், பின்னிணைப்பு பதினேழு.

நான்கு மாதம் கழித்து ஒரே வரியில் பதில் வந்தது. கிராமத்தார் மருத்துவ வல்லுநர்கள் அல்லர், நிராகரிக்கப்படுகிறது.

சுபேதார் அதை அவர்கள் இருவரையும் வரவழைத்துப் படித்துச் சொன்னார். ஏழுமலை எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டு, “தேங்க் யூ சார்” என்றார். நல்ல செய்தி என்று நினைத்திருக்கிறார். அவருக்கு அதை எழுதிக் காட்டியது நான்தான். படித்துவிட்டு மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அந்த வாரம் எனக்கு வேலை ஓடவில்லை.

3. ஒரே தேதி

இரண்டாவது அப்பீலுக்காக, ஏழுமலையை ராணுவத்திலிருந்து அனுப்பியபோது டாக்டர்கள் அவரைப் பரிசோதித்த மெடிக்கல் போர்டு அறிக்கையின் பிரதியை டைப் அடித்துக்கொண்டிருந்தேன். ‘ஊனம் தொடங்கிய நாள்’ என்ற கட்டத்துக்கு வந்ததும் விரல் நின்றது. அந்தத் தேதியை அதே தாளில் மேலே ஒரு தரம் அடித்திருந்தேன். மேலே அது பிறந்த தேதி.

ஏழுமலையை வரவழைத்து ஒரு தாளில் எழுதிக் காட்டினேன்: ‘போர்டில் டாக்டர் உங்களை என்ன கேட்டார்?’

“எப்பவும் கேக்கறதுதான் மேடம். பேரு, நம்பர், ஊரு, பொறந்த தேதி.”

டாக்டர் நான்காவதாகக் கேட்டது காது எப்போதிலிருந்து கேட்கவில்லை என்பதை. செவிடர் ஒருவரிடம் வாயால் கேட்டு, பதிலை அப்படியே எழுதிக்கொண்டு, பிறவிச் செவிடு என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

சுபேதாரிடம் ஓடினேன். அவர் ஏழுமலையின் ஆள்சேர்ப்பு மெடிக்கல் ஷீட்டைத் தேடி எடுத்தார். சேரும்போது இரண்டு காதும் நார்மல். சேரும்போது குறை எழுதப்படவில்லை, பிறகு வந்தது என்றால் சர்வீஸால் வந்ததாகத்தான் கொள்ள வேண்டும். இல்லை என்றால் போர்டு காரணம் சொல்ல வேண்டும். விதி அப்படி.

“ஜல்தி அடிம்மா! எட்டுப் பக்கத்துக்கு நான் சொல்றேன்.”

“ஒரு பக்கம் போதும் சார்” என்றேன். சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாதவள் ஆபீசரிடம் அப்படிச் சொன்னது எனக்கே ஆச்சரியம். ஒரு பக்கம்தான் அனுப்பினோம். இரண்டு தேதிகளுக்கும் அடியில் சிவப்புப் பென்சில் கோடு.

4. பின்னாலிருந்து ஒரு குரல்

அப்பீலைப் பார்த்த கமிட்டி மறுபடி மெடிக்கல் போர்டு நடத்தச் சொன்னது. மெட்ராஸுக்கு நான்கு பேர் ரயிலேறினோம். ஃபைல் என் மடியில், புளிசாதம் அஞ்சலையின் மடியில்.

அங்கே போர்டில் இருந்தவர் தமிழ் தெரிந்த டாக்டர் அம்மா ஒருவர். நாங்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தபோது சத்தமில்லாமல் பின்னால் வந்து, மெல்லிய குரலில், “இதுல பேஷண்ட் யாரு?” என்று கேட்டார்.

நானும் அஞ்சலையும் திரும்பினோம். ஏழுமலையும் சுபேதாரும் எதிரே சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“இவரா, அவரா?”

“இவுருதாங்க. அவுரு ஆபீசரு.”

“அவரும் பீரங்கியா?”

“ஆமாங்க” என்றார் அஞ்சலை. “அவுரு இன்னும் ஒத்துக்கல.”

டாக்டர் அம்மா சிரிக்காமல் உட்கார்ந்து, கேள்வியைத் தாளில் எழுதி ஏழுமலையிடம் நீட்டினார்: ‘காதுத் தொந்தரவு எப்போது, எப்படி ஆரம்பித்தது?’

ஏழுமலை அதை இரண்டு தரம் படித்தார். பிறகு பேச ஆரம்பித்தார். பாலைவனத்தில் ஃபயரிங் பயிற்சி. மூன்று நாள் விடாமல் சுட்டது. மூன்றாம் நாள் வலது காதில் ரத்தம். அப்புறம் ராத்திரி பகல் விசில் சத்தம். பிறகு ஒருநாள் அந்த விசிலும் நின்றது. அதுவரை அஞ்சலைக்குக்கூட அவர் சொன்னதில்லை. அஞ்சலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

“இதை இத்தினி வருஷமா யாருமே எங்கிட்ட கேக்கல, மேடம்” என்று முடித்தார்.

“கேட்டிருப்பாங்க” என்றார் டாக்டர் அம்மா. அதுவும் அவருக்குக் கேட்கவில்லை.

5. ஆர்டர்

ஆர்டர் வந்தது. அட்ரிபியூட்டபிள், ஊனம் நாற்பது சதவீதம், பென்ஷன் உண்டு. அஞ்சலை மூன்று காப்பி கேட்டார். ஒன்று பெட்டிக்கு, ஒன்று கெடாருக்கு, ஒன்று கூட்டேரிப்பட்டுக்கு. “எங்கண்ணங்கிட்ட நானே போய்ப் படிக்கிறேன். அண்ணியும் பக்கத்துல இருக்கட்டும்” என்று கிளம்பினார். பஞ்சாயத்து நடக்கவில்லை.

நான் கற்றுக்கொண்டது இதுதான்: கேள்வி போய்ச் சேர்ந்ததா என்று தெரியாமல் பதிலை எழுதக் கூடாது. அதற்குப் பிறகு சர்வீஸ் முழுக்க, “நான் என்ன கேட்டேன், சொல்லுங்க” என்று திருப்பிக் கேட்டுவிட்டுத்தான் எழுதினேன். பலருக்குக் கோபம் வந்தது. கால் காயத்துக்குப் பென்ஷன் கேட்டு வந்த ஒரு மேஜர், “என்னை என்ன ஸ்கூல் பிள்ளைன்னு நெனச்சியா? எந்த ரெஜிமெண்ட்னு கேட்ட, சொன்னேன்!” என்று மேஜையைத் தட்டினார்.

நான் கேட்டது எந்தக் கால் என்று.