டீ குடிக்காமல் கிளம்பியவர்

சர்க்கரை கிளினிக்கில் உணவு ஆலோசகராக உட்கார்ந்தால், காதில் விழுவதில் பாதி சோற்றுக் கதை, மீதி வீட்டுக் கதை. மஸ்கட்டில் ரொம்ப வருஷம் இதே வேலை பார்த்துவிட்டு, பிறந்த திருவொற்றியூருக்கே திரும்பி வந்தவள் நான். காலையில் கண் திறந்ததும் மாத்திரை டப்பாவைத் தேடும் சொந்தங்களே, நானும் உங்கள் கட்சிதான்.

சாத்திய கதவு

மூர்த்தி சாத்தாங்காட்டில் இரும்பு லோடு லாரி ஓட்டுகிறார். சர்க்கரை, தொப்பை, எந்நேரமும் அசதி. ஆண் ஹார்மோனையும் பார்க்கச் சொன்னார் டாக்டர். குறைவாக இருந்தது. உறுதி செய்துகொள்ள இன்னொரு நாளும் காலையில் வெறும் வயிற்றோடு வந்து ரத்தம் கொடுத்தார். அதுவும் குறைவு.

என் அறைக்குள் வந்ததும் கதவைச் சாத்தினார். தொப்பை ஏறினால் இந்த ஹார்மோன் இறங்கும், இது இறங்கினால் தொப்பையும் சர்க்கரையும் இன்னும் ஏறும், எடை குறைந்தால் பலருக்குத் தானாகவே சரியாகும் என்றேன். சமையல் மாற வேண்டுமே, வீட்டில் சொல்லுங்கள் என்றேன். "டன் கணக்குல இரும்பு இழுக்குறவன் மேடம் நானு. இது தெரிஞ்சா வூட்ல என்னை ஆம்பளைனு மதிக்குமா?"

அடங்காத பசி

அடுத்த திங்கட்கிழமை, தையல்கார மகேஸ்வரி. மாதவிலக்கு நின்றதிலிருந்து வயிறு பெருத்து, சர்க்கரையும் எட்டிப் பார்க்கிறது. ராத்திரியெல்லாம் வேர்த்துக் கொட்டித் தூக்கம் கிடையாது. பெண் ஹார்மோன் குறைந்தால் கொழுப்பு வயிற்றில் சேரும், தூக்கம் கெட்டால் பசியைக் கிளப்பும் கிரெலின் கூடும் என்றேன். 'போதும்' என்று சொல்கிற லெப்டின் பருத்த உடம்பில் நிறையவே இருக்கும், மூளைதான் அதைக் காதில் வாங்காது என்றதும் சிரித்தாள். "என் வூட்டுக்காரர் மாதிரின்னு சொல்லு!"

சிரிப்பு அப்படியே அழுகையானது. புருஷன் சாத்தாங்காட்டு லாரி டிரைவர், பேர் மூர்த்தி. தனியாகப் படுக்கிறாராம். இரண்டு நாள் காலையில் டீயைக்கூடத் தொடாமல் கிளம்பிவிட்டாராம். அந்த டீ ஏன் வேண்டாமென்று எனக்குத் தெரியும். ஒரு வார்த்தை போதும். ஆனால் அது மூர்த்தி சொல்ல வேண்டிய வார்த்தை. அவசரப்படாதே, நேராகவே கேள் என்று மட்டும் சொன்னேன். "கேட்டா லோடுன்னுது யக்கா. எவளோ டீ போட்டு வெச்சுகினு குந்தினு கீறா. ஞாயித்துக்கெழம எண்ணூர்ல எங்கண்ணன் வூட்டுக்குப் போயிடுவேன்."

ஏறாத பாலம்

வெள்ளிக்கிழமை மாத்திரை வாங்க மூர்த்தி வந்தார். மகேஸ்வரி பேரை நான் எடுக்கவே இல்லை. அவரே ஆரம்பித்தார்: "டீ வேணாம்னா வூட்ல ஒரு மாதிரியா பாக்குது." அந்தப் பார்வைக்குப் பதில் உங்களிடம்தான் இருக்கிறது, இன்றைக்கே சொல்லிவிடுங்கள் என்றேன். குறைந்திருப்பது ஹார்மோன், நீங்கள் இல்லை என்றேன். லாரிச் சாவியைச் சுழற்றிக்கொண்டே கதவு வரை போய்த் திரும்பினார். "ஏறாத பாலத்துல வண்டிய ஏத்தச் சொல்றீங்க மேடம்."

இரண்டு வெறும் வயிறு

திங்கட்கிழமை காலை இருவரும் சேர்ந்தே வந்தார்கள், ரத்தம் கொடுக்க இருவரும் சாப்பிடாமல். என்ன நடந்ததோ தெரியாது. மகேஸ்வரியைப் புது ஆளைப் போல, "வாங்கம்மா, உட்காருங்க" என்றேன். "நடிக்காத யக்கா, அதுவும் சொல்லிச்சு, நான் இங்க வந்தத நானும் சொல்லிட்டேன்" என்றவள், என் அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் புருஷன் தோளில் ஒரு குத்து விட்டாள். "டீ குடிக்காம நீ ஓடியாந்த வூடு இதானாய்யா?"

கடல் தாண்டிப் போய் லெப்டின், கிரெலின் என்று ஊருக்கெல்லாம் விளக்கிச் சொன்னவள், இன்றைக்கும் பெருமையாக நினைத்துக்கொள்வது தெரிந்ததைச் சொல்லாமல் இருந்த அந்த ஒரு வாரத்தைத்தான்.