சத்தம் வருதா?

படம் ஓடும்போது எங்களை யாரும் நினைப்பதில்லை; நின்றுவிட்டால் எங்கள் ஏழு தலைமுறையையும் நினைக்கிறார்கள். வீட்டுக்கு வீடு நெட் இழுத்துக் கொடுத்து, டிவிக்குப் பின்னால் சொருகும் ஸ்டிக், டப்பா வகையறாக்களுக்கு வைத்தியம் பார்ப்பது என் வேலை. சிவகாசி, திருத்தங்கல், நாரணாபுரம் என் எல்லை. ஆள் குறைந்தால் விருதுநகர் வரைக்கும் பைக்கை விரட்டுவேன். கதாநாயகன் கையை ஓங்கியபடி உறைந்து நிற்க, ரிமோட்டைத் தொடையில் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு என் கஷ்டம் புரியும். உங்கள் கஷ்டம் எனக்கும் புரியும்.

என்னிடம் ஒரு கேள்வி உண்டு. யார் போன் செய்து படம் விட்டு விட்டு வருகிறது என்றாலும் முதலில் அதைத்தான் கேட்பேன். "சத்தம் வருதா?" வருகிறது என்றால் லைனில் உயிர் இருக்கிறது, மெதுவாகப் போகலாம். வரவில்லை என்றால் உடனே கிளம்ப வேண்டும். ஏழெட்டு வருடமாக இந்த ஒரு கேள்வியை வைத்தே பிழைப்பை ஓட்டினேன். போன தீபாவளி சீசனில் ஒரு வாரம் அது என் காலை வாரிவிட்டது.

தெரியாது

திங்கட்கிழமை காலையில் ஒரு மெசேஜ். "அண்ணா, திருத்தங்கல் மாரீஸ்வரி. டிவியில வீடியோ கால் பேசும்போது படம் நின்னு நின்னு வருது. ஞாயித்துக்கிழமை பதினோரு மணிக்குள்ள சரி பண்ணித் தாங்க. என் கல்யாண விசயம்." பெயர் ஞாபகம் இருந்தது. காலண்டர் பிரஸ்ஸில் பைண்டிங் வேலை பார்க்கும் பெண். இரண்டு மாதத்துக்கு முன் நான்தான் லைன் இழுத்துக் கொடுத்தேன். அன்றைக்கு வீட்டில் அவள் அம்மா மட்டும்தான் இருந்தார்.

வழக்கம்போல "சத்தம் வருதா?" என்று பதில் போட்டேன். "தெரியாது" என்று வந்தது. படம் பார்க்கிறவருக்குச் சத்தம் வருகிறதா என்று தெரியாதா? போன் செய்தேன், கட் பண்ணினாள். மறுபடியும் செய்தேன், மறுபடியும் கட். "கால் வேண்டாம், மெசேஜ் போடுங்க" என்று வந்தது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. என்னோடு கம்பம் ஏறும் சங்கரலிங்கத்திடம் போனை நீட்டினேன். அவன் படித்துவிட்டுச் சொன்னான்: "கல்யாணப் பொண்ணுல்லாண்ணே, மாப்பிள்ளை மூஞ்சியப் பாத்துக்கிட்டு இருக்கும்போது சத்தம் எங்கன காதுல விழப்போகுது? மெதுவாப் பாத்துக்கிடலாம்."

சக்கரம்

திரைக்கு நடுவில் வட்டம் சுற்றுவதை எங்கள் பக்கத்தில் "சக்கரம் சுத்துது" என்பார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வீட்டிலிருந்து "வீட்டுக்குள்ள சக்கரம் சுத்துது, ஓடியாங்க" என்று போன் வந்தபோது, "முதல்ல ஒரு வாளித் தண்ணிய ஊத்துங்க" என்று பதறிய புண்ணியவான் நான்.

செவ்வாய்க்கிழமை நாரணாபுரம் பேச்சியம்மாள் அக்கா வீட்டில் சக்கரம். அக்காவுக்கு வேலையும் பட்டாசு கம்பெனியில் சக்கரம் சுற்றுவதுதான். கையில் ஒட்டிய அலுமினியப் பொடி எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. ரிமோட்டே வெள்ளியில் செய்ததுபோல் மின்னியது. டிவிக்குப் பின்னால் பார்த்தேன். ஸ்டிக்குக்கு அதன் சொந்த அடாப்டரைப் போடாமல், டிவியில் இருந்த ஓட்டையிலிருந்தே கரண்ட் எடுத்திருந்தார்கள். அரைவயிற்றுக் கஞ்சியில் அது எப்படி ஓடும்? அடாப்டர் எங்கே அக்கா என்றேன். புதுசு அழுக்காகிவிடும் என்று பீரோவில் பட்டுச் சேலைக்கு அடியில் பத்திரமாக வைத்திருந்தார். எடுத்து மாட்டியதும் படம் வழுக்கிக்கொண்டு ஓடியது. அக்கா திரையை ஒரு நிமிடம் முறைத்துவிட்டுச் சொன்னார்: "நாங்க சுத்துற சக்கரம் கண்ண மூடித் தொறக்குமுன்ன அணைஞ்சு போகுது. உங்க சக்கரத்துக்கு யாரு தம்பி மருந்து அடைக்கா?"

வெள்ளித்தாள்

புதன்கிழமை காலை திருத்தங்கலுக்குத்தான் கிளம்பினேன். பாதி வழியில் ஒரு பிரஸ் அண்ணாச்சியிடமிருந்து போன். மாடியில் படம் கட்டம் கட்டமாக உடைகிறதாம், உடனே வரவேண்டுமாம். பெரிய இடம், வண்டி தானாகவே திரும்பிவிட்டது. அதை ஒப்புக்கொள்ள எனக்கு இப்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஹாலில் மோடத்தைக் காணவில்லை. இருந்த இடத்தில் லட்சுமி படம் போட்ட ஒரு பெட்டி பளபளவென்று உட்கார்ந்திருந்தது. தூசி அடைகிறது என்று அண்ணாச்சி தன் பிரஸ்ஸிலேயே சொல்லி, காலண்டருக்கு ஒட்டும் வெள்ளித்தாளை ஆறு பக்கமும் ஒட்டி மோடத்துக்கு ஒரு கோயிலே கட்டிவிட்டார். ஒட்டிலும் மடிப்பிலும் ஒரு பிசிறு கிடையாது. அந்தத் தாளைத் தாண்டி வைஃபை வெளியே வராது என்று பயந்து பயந்து சொன்னேன். பெட்டியின் மூடியைத் தூக்கினேன், மாடியில் படம் ஓடியது. மூடினேன், நின்றது. அண்ணாச்சி அவர் கையாலேயே நாலு தடவை தூக்கி மூடிப் பார்த்தார். முகத்தில் கோபத்தைக் காணோம், பெருமைதான் இருந்தது. "ஏலே, நம்ம பேப்பரு தண்ணிய விடாது, தூசிய விடாதுன்னு தெரியும். நெட்டையும் விடாதுன்னு இப்பத்தாம்லே தெரியுது. அடுத்த வருச ஆர்டர்ல அதையும் சேத்துப் போட்ருவோம்!"

பொருள்: படம் நிற்பது தொடர்பாக

மாரீஸ்வரியிடமிருந்து தினமும் காலையில் ஒரே ஒரு மெசேஜ் வரும்: "அண்ணா, இன்னைக்கா?" நானும் "நாளைக்கு" என்று போட்டுவிட்டுக் கிளம்புவேன். வெள்ளிக்கிழமை விருதுநகர் பக்கம் சூலக்கரையில் ஆள் இல்லை என்று என்னை அனுப்பினார்கள். கலெக்டர் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு சார் வீடு. டிவி பக்கம் போகவிடாமல் முதலில் ஒரு தாளை நீட்டினார். பொருள், பார்வை எல்லாம் போட்டு, எந்தெந்தத் தேதியில் எத்தனை மணிக்குப் படம் நின்றது, எத்தனை நிமிடம் நின்றது என்று மணிமணியான கையெழுத்தில் இரண்டு பக்கம். நகல் ஒன்று அவரிடம் இருந்தது.

நான் மோடத்தின் சுவிட்சை அணைத்தேன். மனதுக்குள் இருபது எண்ணினேன். திரும்பப் போட்டேன். படம் ஓடியது. இரண்டு பக்க மனுவுக்கு இதுதானா பதில் என்று அவர் சங்கடப்படுவாரோ என நினைத்து, "இத நீங்களே செஞ்சிருக்கலாமே சார்" என்று பக்குவமாகத்தான் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "தெரியும் தம்பி. ஆனா அணைக்கச் சொல்லி எனக்கு உத்தரவு வரலையே."

ஞாயிற்றுக்கிழமை

சனிக்கிழமை பட்டாசுப் பெட்டி லோடு ஏற்றிய லாரி ஒன்று வயரை அறுத்துக்கொண்டு போனதில் நாள் முழுக்கக் கம்பத்தில் தொங்கினேன். ஞாயிறு காலை பத்து மணிக்குத்தான் திருத்தங்கல் வீட்டுப் படி ஏறினேன். அம்மா பாக்கியம் கதவைத் திறந்தார். மாரீஸ்வரி பூ வைத்து, புதுச்சேலை கட்டி, டிவிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். ஒரு வாரம் இழுத்தடித்த கூச்சத்தை மறைக்க, வந்த வேகத்தில் வாய் தானாகக் கேட்டது: "சத்தம் வருதாம்மா?"

அவள் என் உதட்டையே பார்த்தாள். பிறகு சிரித்துக்கொண்டு, கிழித்த காலண்டர் தாள் ஒன்றின் பின்பக்கம் எழுதி என்னிடம் கொடுத்தாள். "எனக்குப் பிறந்ததுல இருந்தே சத்தம் வராது அண்ணா. அதுக்கு உங்க லைன் காரணம் இல்ல. படத்த மட்டும் சரி பண்ணுங்க, போதும்."

முட்டுக்கட்டை

பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம். விஷயத்தை அம்மாதான் சொன்னார். மாப்பிள்ளைக்கும் காது கேட்காது, பேச வராது. கோயம்புத்தூரில் மோட்டார் கம்பெனியில் வேலை. இரண்டு பேருக்கும் கைதான் பேச்சு. போன ஞாயிறு டிவியில் முகம் பார்த்துப் பேசியபோது, "என்னைப் பிடிச்சிருக்கா?" என்று இவள் கேட்டிருக்கிறாள். அவர் நீளமாக ஏதோ பதில் சொல்ல, கை பாதியில் உறைந்துவிட்டது. திரும்ப ஓடியபோது வந்து சேர்ந்தது ஒரே ஒரு வார்த்தை மட்டும்: "வேண்டாம்." அதோடு லைனும் போய்விட்டது. "மூஞ்சி சிரிச்சுச்சு, கைதான் வேண்டாம்னுச்சு, நடுவுல என்னமோ விட்டுப்போச்சுங்கா. மெசேஜுல கேளுடின்னா, மூஞ்சியப் பாக்காமக் கேக்க மாட்டேங்கா. இன்னைக்குப் பதினோரு மணிக்கு அவுக பேசலாம்னு சொல்லிருக்காக. இன்னைக்கும் நின்னா அம்புட்டுத்தான் தம்பி" என்றார் அம்மா.

எல்லாவற்றையும் பார்த்தேன். அடாப்டர் சரி. மோடத்துக்கு மூடி இல்லை. படம் கண்ணாடிபோல் ஓடியது. "ஒரு குறையும் இல்ல" என்று எழுந்தபோது, தெருப்பெண்கள் வாசலில் எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். அம்மா கதவைச் சாத்தினார். படம் நின்றது. திறந்தார், ஓடியது. நான் வயரைத் தடவிக்கொண்டே போனேன். கதவின் கீல் பக்கம் வயரைச் சந்துக்குள் மடக்கி ஒரு கிளிப் அடித்திருந்தது. உள்ளே கண்ணாடி இழை ஓடுகிற வயர் அது. கதவு நசுக்கினால் மூச்சு முட்டிவிடும். கிளிப் அடித்த மகராசன் நானேதான். முக்கியமான பேச்சு என்று கதவைச் சாத்தும்போதெல்லாம் படம் நின்று, யாராவது திறந்தால் ஓடியிருக்கிறது. மாற்றி இழுக்க ஒரு மணி நேரமாவது வேண்டும். மணி பத்து ஐம்பத்தைந்து.

வேறு வழி தெரியவில்லை. கதவுக்கு முட்டுக்கொடுத்து நானே நின்றுவிட்டேன். தெரு முழுக்க வாசலில் கூடிவிட்டது. திரையில் ஒரு பையன் வந்தான், வெள்ளைச் சட்டை, வியர்த்த நெற்றி. மாரீஸ்வரி அதே கேள்வியைக் கேட்டாள். அவன் கைகள் பேச ஆரம்பித்தன. நான் மூச்சுவிடக்கூடப் பயந்தேன். அம்மா மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாக வாய்விட்டுச் சொன்னார்: "பிடிச்சிருக்காம்... கல்யாணத்துக்காக நீ... வேலைய விட... வேண்டாமாம். நான் சிவகாசிக்கே வந்துருதேங்காரு!" வாசலில் ஒரே கைதட்டல். அம்மா அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் என் பக்கம் திரும்பினார்: "பாத்தியாலே! பிடிச்சிருக்குன்னதும் வேலைய விடன்னதும் உன் கதவுச் சந்துல நசுங்கிப்போச்சு, வேண்டாம் மட்டுந்தாம்லே வீடு வந்து சேந்திருக்கு!"

பத்திரிகை

அன்றைக்கே வயரை ஜன்னல் வழியாக மாற்றி இழுத்துக் கொடுத்துவிட்டுத்தான் சாப்பிடப் போனேன். இப்போது யார் புகார் சொன்னாலும் கேள்வி கேட்பதில்லை, நேரே கிளம்பிவிடுகிறேன். சங்கரலிங்கம் மட்டும் "சத்தம் வருதாண்ணே?" என்று கிண்டல் பண்ணுவான்.

தை மாதம் மாரீஸ்வரியிடமிருந்து பத்திரிகை வந்தது. அவள் பிரஸ்ஸிலேயே அடித்தது, ஓரத்தில் அண்ணாச்சி வீட்டு வெள்ளித்தாள் மாதிரியே மினுமினுப்பு. பின்னாலேயே மெசேஜும் வந்தது: "அண்ணா, கண்டிப்பா வரணும். எங்க ரெண்டு பேருக்கும் கேக்காதுன்னு மேளக்காரங்க சும்மா வாசிச்சுட்டுப் போயிரக் கூடாது. பக்கத்துல நின்னு, சத்தம் வருதான்னு நீங்கதான் பாத்துச் சொல்லணும்."

போனேன், பக்கத்திலேயே நின்றேன். சத்தம் கணீரென்று வந்தது, தாலி கட்டும் நேரத்தில் எனக்குத்தான் படம் கொஞ்சம் கலங்கிப்போய்விட்டது.