ஐம்பது ரூபாய்க்கு நான்கு குடம்

இன்று காலை தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவுக்குத் தண்ணீர் லாரி வந்தது. இரண்டு குடத்தை நிரப்பிக்கொண்டு கிளம்பினேன்.

எதிர்வீட்டு மும்தாஜம்மா வழிமறித்து ஒரு சீட்டை நீட்டினார்.

"இன்னா அண்ணே, உன் குடத்த அப்பால வெச்சிட்டு என்னுத எடு. மூணாவது மாடி."

சீட்டில் என் மகளின் கையெழுத்து. 'எங்கள் பள்ளி நடனத்துக்கு உதவுங்கள். ஐம்பது ரூபாய்க்கு என் அப்பா நான்கு குடம் தூக்குவார்.'

இரண்டாவது நடையிலேயே இடுப்பு விட்டுப்போனது. வீட்டுக்குள் நுழைந்ததும் மகளிடம் கத்தினேன்.

"மத்த பசங்கல்லாம் முறுக்கு விக்கல?"

"முறுக்குன்னா அம்மா சுடணும். அம்மா பாவம்பா. டிரெஸ் இல்லன்னா எங்கள மேடையே ஏத்த மாட்டாங்க."

"எத்தினி சீட்டு வித்த?"

"நாப்பது."

பணத்தைத் திருப்பிக் கொடு என்றும் சொல்ல முடியாது. துணியை நேற்றே வெட்டித் தைக்கக் கொடுத்துவிட்டார்களாம்.

மனைவியிடம் முறையிடச் சமையலறைக்குப் போனேன். மிளகாய்த்தூள் டப்பாவுக்கு அடியிலிருந்து அவளும் ஒரு சீட்டை எடுத்தாள்.

"நம்ம குடம் இன்னும் லாரியாண்டயே கீது. போய் எடுத்துனு வா."

சீட்டு வாங்கிய நண்பர்களே, எத்தனையாவது மாடி என்று கீழே கமெண்டில் சொல்லிவிடுங்கள். தரைத்தளத்துக்காரர்களைக் கண்ணீரோடு வரவேற்கிறேன்.